குண்டு விழுந்தால் மனசு உடையுமா? செர்வெல் குறிப்பை வைத்து ஒரு வாக்குவாதம்

பாம்பன்காரன்:
இரண்டாம் உலகப் போர் நடுவில், 1942 மார்ச் 30 அன்று, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு அவருடைய அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு ஒரு குறிப்பு அனுப்பினார். ஜெர்மனியின் 58 பெரிய நகரங்களில் குண்டு வீசி வீடுகளை இடித்தால் ஜனங்களின் மன உறுதி போய்விடும், சொந்தக்காரர் சாவதைவிட வீடு போவதுதான் ஆளை வாட்டுகிறது என்று. எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. 1964 புயலில் தனுஷ்கோடியில் வீட்டைப் பறிகொடுத்தவர் என் தாத்தா. அப்புறம் ஆளே ஒடுங்கிப் போனார்.

கீழக்கரையான்:
தம்பி, புயலிடம் யாரும் சரணடைய முடியாது. அதை விடுங்கள். செர்வெல் ஆதாரம் காட்டியது இங்கிலாந்தின் ஹல், பர்மிங்ஹாம் நகரங்களில் ஜெர்மன் குண்டு விழுந்தபின் எடுத்த கணக்கெடுப்பை. அதை நடத்திய விஞ்ஞானிகள் ஜூக்கர்மேனும் பெர்னாலும் மன உறுதி குலைந்ததாகச் சொல்லவே இல்லை. முழு அறிக்கை ஏப்ரலில்தான் வந்தது, இவர் மார்ச்சிலேயே முடிவு கட்டிவிட்டார்! ஹல்காரன் தாங்குவான், ஜெர்மனியின் ஹாம்பர்க்காரன் தாங்க மாட்டானாம்.

பாம்பன்காரன்:
காக்கா, ஜப்பானை என்ன செய்வீர்கள்? போர் முடிந்ததும், குண்டுவீச்சின் விளைவை ஆராய அமெரிக்கக் குழு ஒன்று அங்கே போய் விசாரித்தது. 1944 ஜூனில் தோற்போம் என்று நினைத்தவர்கள் சுமார் 2 சதவீதம், சரணடையும் தறுவாயில் 68. அவர்களில் பாதிக்கு மேல் விமானத் தாக்குதலைத்தான் முதல் காரணமாகச் சொன்னார்கள். நகரங்களை விட்டு 85 லட்சம் பேர் ஓடினார்கள்.

மண்டபம் முனை:
ஓடுவதை வைத்து அளக்காதீர்கள் அண்ணே. 1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்த கையோடு மெட்ராஸே மூட்டை கட்டியது.

கீழக்கரையான்:
அதே அமெரிக்கக் குழு ஜெர்மனியிலும் விசாரித்ததே, அதை ஏன் விட்டீர்கள்? மனம் சோர்ந்துதான் இருந்தது, ஆனாலும் வேலைக்குப் போனார்கள். மிக அதிகமாகக் குண்டு வாங்கிய ஊருக்கும் நடுத்தரமாக வாங்கிய ஊருக்கும் மன உறுதியில் பெரிய வித்தியாசம் இல்லை.

பாம்பன்காரன்:
போலீஸுக்குப் பயந்து போயிருப்பார்கள். அதற்குப் பெயர் உறுதியா?

மண்டபம் முனை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். போன மாசம் எங்கள் பக்கத்துப் படகு நடுக்கடலில் பிடிபட்டது. மறு வாரமே நாங்கள் மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனோம். கரையில் நோட்டோடு நிற்கிற உளவாளி ‘தைரியம் குறையவில்லை’ என்று எழுதுவான். வட்டிக்காரன் வாசலில் நின்றது அவனுக்கு எப்படித் தெரியும்?