ஸ்டம்பேஜ்: விலையா, கட்டணமா, காணமா?

அன்புடையீர்,

கனடாவின் அறுத்த மரத்துக்கு அமெரிக்கா வரி போடுவது பற்றிய கனடா–அமெரிக்க மென்மர வழக்குக்கான சொற்பட்டியலில் ஸ்டம்பேஜ் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டும் நிறுவனம், வெட்டிய மரத்தை அளந்து, கன மீட்டருக்கு இவ்வளவு என்று மாகாண அரசுக்குச் செலுத்தும் தொகை இது. கைவசம் மூன்று சொற்கள் உள்ளன: அடிமர வரி, நிற்குமர விலை, வெட்டுரிமைக் கட்டணம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, படித்தவுடன் புரிகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஏற்றுமதி நாடு தந்த மானியத்தை ஈடுகட்ட இறக்குமதி நாடு போடும் கவுன்டர்வெய்லிங் டூட்டிக்கு ‘எதிரீட்டு வரி’ என்று போட்டிருக்கிறேன். அதையும் பாருங்கள்.

———

ஐயா,

> அடிமர வரி

முதலில் இதைத் தள்ளுங்கள். மாகாண அரசு இந்தத் தொகையை வாங்குவது நிலத்தின் உடைமையாளராக. இதையும் வரி என்றால், கனடாவில் வாங்கும் தொகை ஒரு ‘வரி’, அமெரிக்க எல்லையில் வாங்குவது இன்னொரு ‘வரி’ என்றாகிவிடும். முன்னது குறைவாக இருக்கிறது என்பதுதான் பின்னதைப் போடுவதற்குச் சொல்லும் காரணம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசகர் திணறிப்போவார்.

> நிற்குமர விலை

புரிகிறது, உண்மைதான். ஆனால் இந்தச் சொல்லை எடுத்தால் வழக்கில் ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். ‘அரசு பொருள் எதையும் விற்கவில்லை, வெட்டிக்கொள்ளும் உரிமையைத்தான் தருகிறது; ஆகவே இது மானியம் என்ற வரையறைக்குள்ளேயே வராது’ என்பது கனடாவின் வாதம். ‘நிற்கும் மரமும் பொருள்தான், அதைச் சந்தை மதிப்புக்குக் கீழே கொடுக்கிறார்கள்’ என்பது அமெரிக்காவின் வாதம். உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2004இல் இந்தப் புள்ளியில் அமெரிக்கா பக்கம் நின்றது. ஆனால் மரத்தின் மதிப்பை எந்த விலையோடு ஒப்பிடுவது என்ற சண்டை தீரவில்லை. ‘விலை’ என்று எழுதினால் அமெரிக்கத் தரப்பு, ‘உரிமைக் கட்டணம்’ என்று எழுதினால் கனடாத் தரப்பு. அகராதிக்காரர் இரண்டிலும் சேரக் கூடாது.

மேற்குக் கடற்கரையில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது. மலபாரில் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுபவர் மரத்துக்கு இவ்வளவு என்று நில உடைமையாளரான ஜன்மிக்குக் கொடுத்த தொகைக்குப் பெயர் குற்றிக்காணம். குற்றி என்றால் வெட்டியபின் நிற்கும் அடிக்கட்டை. காணம் என்றால் பொன், கொடுக்கும் பணம். இரண்டுமே தமிழிலும் பழைய சொற்கள். ஸ்டம்பேஜ் என்ற சொல்லும் அடிக்கட்டையிலிருந்து பிறந்ததுதான். விலையா உரிமையா என்ற வம்புக்கும் குற்றிக்காணம் போகாது. இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

———

வணக்கம்.

குற்றி எங்களுக்குப் பழஞ்சொல் இல்லை. ஈழத்து வழக்கில் மரக்குற்றி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் எங்களிடத்தில் அது பெரும்பாலும் வெட்டிக் கிடத்திய உருளையைக் குறிக்கும், நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையை அல்ல. ஆகவே குற்றிக்காணம் என்றதும் மரக்குற்றிக்குக் கொடுக்கும் காசு என்றே எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். அதுவும் முழுப்பிழை இல்லை. இன்றைக்குக் கணக்கு அடிக்கட்டையை எண்ணி அல்ல, வெட்டிய குற்றியை அளந்துதானே போடுகிறார்கள்.

சுருக்கி ‘மரக்காணம்’ என்று வைக்கலாமே என்று யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அது ஊர்ப்பெயர். தேடினால் உப்பளம்தான் வரும்.

மென்மரம் பற்றியும் ஒரு குறிப்புப் போடுங்கள். இது மரத்தின் மென்மையைப் பற்றிய சொல் அல்ல. ஊசியிலை மரங்களைக் குறிப்பது. ஸ்புரூஸ், பைன், ஃபிர் ஆகிய மூன்றும்தான் கனடாவிலிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி. பால்சா தொட்டால் நசுங்கும், ஆனாலும் தாவரவியலில் வன்மரம். லம்பர் என்பதற்கு வெறும் ‘மரம்’ என்று எழுதுவதும் சரியில்லை. வழக்கு அறுத்த மரத்தின்மேல். சுங்க அட்டவணையில் 4407, அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்புள்ளது. அறுக்காத குற்றி 4403, அது இந்த வழக்கில் இல்லை. ‘அறுமரம்’ என்றால் ஆறு மரமோ என்று மயங்குவார்கள். ‘அரிமரம்’ நல்லது.

———

நண்பர்களே,

குற்றிக்காணத்துக்கு என் வாக்கு. ஆனால் கட்டுரைகளில் பெரிய பிழை நடப்பது அங்கே இல்லை. ‘வரி’ என்ற சொல்லில்தான்.

அமெரிக்க எல்லையில் இறக்குமதியாளர் கட்டுவது இறுதி வரி அல்ல, முன்வைப்பு (டெபாசிட்). இறுதி விகிதம் பின்னால் நடக்கும் ஆண்டு மறு ஆய்வில்தான் முடிவாகும். எடுத்துக்காட்டாக, 2018இல் 1,00,000 டாலர் மதிப்புள்ள அரிமரம் எல்லையைக் கடந்தது என்று வையுங்கள். தனி விகிதம் பெறாத நிறுவனங்களுக்கு அப்போது மானியத்துக்காகப் போடும் வரியும், கீழ்விலைக்கு விற்பதற்காக (டம்பிங்) போடும் வரியும் சேர்ந்து 20.23 சதவீதம், முன்வைப்பு 20,230 டாலர். 2020 இறுதியில் முடிந்த மறு ஆய்வில் அது 8.99 சதவீதமானது. ஆக வரி 8,990தான், மீதி 11,240 வட்டியோடு திரும்ப வேண்டும். இதில் மூன்று இடத்தில் கால் இடறும். யாரும் மறு ஆய்வு கேட்காத நிறுவனத்துக்கு முன்வைப்பே இறுதியாகிவிடும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் கணக்கு முடியாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கும். இறுதி விகிதம் கூடினாலோ, வித்தியாசத்தை வட்டியோடு இறக்குமதியாளர் கட்ட வேண்டும், அந்த மரத்தை எப்போதோ விற்று முடித்திருந்தாலும்.

இரு நாடுகளும் செய்த 2006 உடன்பாட்டின்போது அமெரிக்காவின் கையில் இருந்த 500 கோடி டாலருக்கு மேற்பட்ட முன்வைப்பில் 400 கோடிக்கு மேல் கனடாப் பக்கம் திரும்பியது, 100 கோடி அமெரிக்காவில் நின்றது. ‘வரி வசூலித்தார்கள், பிறகு வரியைத் திருப்பினார்கள்’ என்று எழுதினால் என்ன நடந்தது என்றே விளங்காது. முன்வைப்பு என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

> எதிரீட்டு வரி

எதற்கு எதிர்? மானியம் என்ற சொல்லே அதில் இல்லை. ‘மானிய ஈட்டுவரி’ என்று வையுங்கள். கிடைத்த மானியத்துக்கு ஈடான அளவுக்குத்தான் போடலாம் என்ற வரம்பும் சொல்லுக்குள்ளேயே இருக்கும். அடுத்து, டம்பிங்கிற்குப் ‘பொருள்குவிப்பு’ என்று எழுதிவருகிறோம். குவியல் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு லாரி மரம் போனாலும், உள்நாட்டு விலைக்கோ அடக்கத்துக்கோ கீழே விற்றால் அது டம்பிங். ‘கீழ்விலை விற்பனை’, ‘கீழ்விலைத் தடுப்புவரி’ போதும்.

சுழியமாக்கலுக்கும் (ஜீரோயிங்) விளக்கம் தேவை: கீழ்விலையைக் கணக்கிடும்போது, உள்நாட்டு விலைக்கு மேலே விற்றவற்றைப் பூஜ்யமாக எடுக்கும் முறை அது. உள்நாட்டு விலை 400 டாலர். ஏற்றுமதி இரண்டு: ஒன்று 380, மற்றது 420. சராசரி பார்த்தால் கீழ்விலை இல்லை. சுழியமாக்கினால் இரண்டாவதில் கிடைத்த −20 பூஜ்யமாகிவிடும், முதலாவதின் 20 மட்டும் நிற்கும். 800இல் 20, ஆக 2.5 சதவீத வரி. சும்மா இருந்த இடத்தில் வரி பிறந்துவிட்டது!

2025 செய்திகளில் 45 சதவீதம் என்று ஒரே எண்ணாக வந்தது. அதில் சுமார் 35 சதவீதம் மேலே சொன்ன இரண்டு வரிகள். மீதி 10, அக்டோபர் 14 முதல் தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போட்ட தனிச் சுங்கவரி. அதற்கு ஆண்டு மறு ஆய்வு கிடையாது. மூன்றையும் கூட்டி ஒரே சொல்லில் எழுதாதீர்கள்.

———

ஐயா, ஒரு சேர்க்கை. அரிமரத்தை அளக்கும் அலகான போர்டு ஃபுட்டுக்குப் ‘பலகையடி’ சரிதான், ஆனால் மாற்றும் கணக்கில் வழுக்கும். ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குல தடிப்பு: 144 கன அங்குலம். அதை வைத்து 1,000 பலகையடிக்கு 2.36 கன மீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். அது பெயரளவு. இரண்டுக்கு நாலு அங்குலம் என்று விற்கும் மரச்சட்டம் இழைத்தபின் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அந்த அளவில் 1,000 பலகையடி என்பது ஏறத்தாழ 1.55 கன மீட்டர் மரம். குற்றிக்காணம் கன மீட்டரில், அரிமர விலை பலகையடியில். இரண்டையும் ஒப்பிடும் கட்டுரையில் இந்த இடறல் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

———

அன்புடையீர்,

ஒப்புக்கொள்கிறேன், ‘நிற்குமர விலை’யை எடுத்துவிட்டேன். பட்டியலில் போவன: குற்றிக்காணம், அரிமரம், முன்வைப்பு, மானிய ஈட்டுவரி, கீழ்விலைத் தடுப்புவரி, சுழியமாக்கல், பலகையடி. குற்றிக்காணம் முதல்முறை வரும் இடத்தில் ‘அரசு நில மரத்தை வெட்ட மாகாணத்துக்குச் செலுத்தும் தொகை’ என்று ஒரு வரி விளக்கம் கட்டாயம். பொருள்குவிப்பு ஏற்கெனவே செய்தித்தாள்களில் ஊறிவிட்டதால், ஓராண்டுக்கு அதையும் அருகில் வைத்துக்கொள்வோம்.

ஒன்று மிச்சம். குற்றிக்காணம் குறைவா கூடுதலா என்று அளக்க எடுக்கும் பெஞ்ச்மார்க் விலை. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வாஷிங்டன் மாநிலக் குற்றி விலையையும், கிழக்கே ஒன்டாரியோ, கியூபெக்குக்கு நோவா ஸ்கோஷியாவின் தனியார் நில மர விலையையும் அமெரிக்க வணிகத்துறை எடுத்திருக்கிறது. மரத்தின் பருமன், ஆலைக்கு உள்ள தொலைவு, நிலத்தின் சாய்வு எல்லாம் வேறு வேறாக இருக்கையில் ஒப்பிடலாமா என்பது கனடாவின் கேள்வி. ‘ஒப்புவிலை’ என்று வைத்தால், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை என்று படுகிறது. ‘அளவுவிலை’ என்றால் ஒன்றுமே படவில்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.