வெட்டிங் ஆயில் போட்டால் பாறையிலிருந்து எண்ணெய் எப்படி வருகிறது?

திருப்பூர்_டையிங்:
வணக்கமுங்க. நான் சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறேன். டெக்சாஸில் ஈகிள் ஃபோர்டு எண்ணெய் வயல் பக்கம் இருக்கும் என் மச்சான், பாறையை உடைக்க இறக்கும் தண்ணீரில் சர்ஃபாக்டன்ட் (நம் வெட்டிங் ஆயில் இனத்து மருந்து) கலந்தால் எண்ணெய் கூடுதலாக வரும் என்கிறான். இங்கே வெளுக்காத கோராத் துணியில் ஒரு சொட்டு விட்டால் பஞ்சின் மெழுகால் முத்து மாதிரி நிற்கும், வெட்டிங் ஆயில் கலந்த தண்ணீர் என்றால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். சரி, அது தண்ணீர் உள்ளே போகிற கதை. எண்ணெய் எப்படி வெளியே வரும்?

சென்னிமலை_கோர்லேப்:
அண்ணா, தண்ணீர் உள்ளே போவதால்தான் எண்ணெய் வெளியே வருகிறது. அங்கே எண்ணெய் இருக்கும் ஷேல் என்ற படிவுப் பாறையின் துளைகள் நானோமீட்டர் அளவு, பல இடங்களில் சுவரே எண்ணெய் பூசிக்கொண்டு உங்கள் கோராத் துணி மாதிரி தண்ணீரைத் தள்ளும். அந்தச் சுவரைத் தண்ணீருக்கு இணங்க வைத்தால் தந்துகி விசை (விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி) தண்ணீரை உள்ளே இழுக்கும், அங்கிருந்த எண்ணெய் இடம் பெயர்ந்து விரிசலுக்கு வந்துவிடும். இவ்வளவு பாடுபடக் காரணம், உடைத்த கிணற்றிலும் பாறையில் இருப்பதில் பெரும்பாலும் 100க்கு 10 பங்குகூட மேலே வருவதில்லை.

பலர் தவறுவது ஒரு இடத்தில். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் இழுவிசையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். அதை அடியோடு குறைத்தால் உள்ளே இழுக்கும் விசையும் சேர்ந்தே போய்விடும். பாறையின் குணத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. லேபில் எண்ணெய் ஊறிய கல் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் மருந்துத் தண்ணீருக்குள் வைப்போம். நாள் போகப்போகக் கல்லின் மேல் வியர்வை மாதிரி எண்ணெய் துளிர்த்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே அளவுக்குழாயில் சேரும். பார்க்க அவ்வளவு அழகு.

செங்கோட்டு_ரிக்:
ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் போர்வெல்லுக்கும் ஹைட்ரோ ஃப்ராக்சரிங் செய்கிறோம், பேக்கர் (குழியை இறுக அடைக்கும் ரப்பர் அடைப்பு) இறக்கி வெறும் தண்ணீரை அழுத்தி அடைபட்ட கல்வெடிப்பைத் திறப்பதோடு சரி. இதைப் படித்துவிட்டு யாரும் போரில் மருந்து ஊற்றச் சொல்லாதீர்கள், குடிக்கிற தண்ணீருங்க.

திருப்பூர்_டையிங்:
நன்றி தம்பி, இப்போது புரிந்தது. ஆனால் உப்பும் சூடும் கூடினால் நான்அயானிக் (மின்னூட்டம் இல்லாத) வெட்டிங் ஆயில் சரக்கு கலங்கிப் பிரிந்துவிடுமே? ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு போடும்போதே அந்தப் பயம் எங்களுக்கு உண்டு.

சென்னிமலை_கோர்லேப்:
சரியான கேள்வி அண்ணா. வடக்கு டகோட்டாவின் பாக்கன் பாறைத் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 300 கிராம் வரை போகும், சூடும் 100 டிகிரிக்கு மேல். அதனால் அந்தக் கிணற்றின் தண்ணீரையும் கச்சா எண்ணெயையுமே வரவழைத்து, அதே சூட்டில் வைத்துப் பார்ப்போம். கலங்கினால் அந்தச் சரக்கு அன்றோடு சரி. தெளிவாக நின்றாலும், எண்ணெயோடு கலந்து பால் மாதிரி ஆகிப் பிரியாமல் நிற்கிறதா, பாதி மருந்தைப் பாறையே பிடித்துக்கொள்கிறதா என்று இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். மச்சானிடம் முதலில் அவர்கள் கிணற்றின் உப்பு அளவைக் கேளுங்கள்.