பழைய நிகான் டி3எஸ் வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வியாசர்பாடி வெளிச்சம்
எங்கள் பகுதியில் நடக்கும் குத்துச்சண்டைப் போட்டிகளையும் மாதா கோயில் திருவிழாக்களையும் படம் எடுத்துத் தருகிறேன். கையில் இருப்பது தொடக்க நிலை நிகான் ஒன்று. விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 3200க்கு மேல் ஏற்றினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தம்முடைய டி3எஸ் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து, 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஷட்டர் 1,90,000 முறை ஓடியிருக்கிறது. ஏறக்குறைய அதே பணத்தில் பழைய நிகான் டி750 ஒன்றும் பேச்சில் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

ராயபுரம் ரசிகன்
யோசிக்காமல் டி3எஸ்ஸை வாங்குங்கள், தம்பி. 2009இல் வந்த கேமராதான், 12.1 மெகாபிக்சல்தான், ஆனால் ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு) சென்சாரில் அவ்வளவு குறைவான பிக்சல்களே இருப்பதால் ஒவ்வொன்றும் பெரியது, அதனால் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படத்தைக்கூட இன்றும் கூச்சமில்லாமல் அச்சுக்கு அனுப்பலாம். 4256க்கு 2832 என்ற அளவை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 14 அங்குலத்துக்கு 9 அங்குலம் வரும். தெருமுனை ஃபிளெக்ஸ் பேனருக்கு அவ்வளவு தெளிவுகூடத் தேவையில்லை. மேலும், உங்களிடம் இருக்கும் தொடக்க நிலை பாடியில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. இதில் இருப்பதால் தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை 80-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸைக் குறைந்த விலைக்கு வாங்கி ஆட்டோஃபோகஸுடனேயே பயன்படுத்தலாம். ஷட்டர் 3,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. இன்னும் 1,10,000 மீதி இருக்கிறது.

மண்ணடி ரிப்பேர்
'மீதி இருக்கிறது' என்று சொல்வதற்கு அது ரேஷன் கார்டு அல்ல. 3,00,000 என்பது சோதனை அளவு; 2,00,000இல் நின்றுபோனதும் உண்டு, 5,00,000 தாண்டி ஓடுவதும் உண்டு. எனக்குக் கவலை வேறு இரண்டு இடங்களில். முதலாவது பேட்டரி. இதற்கு வேண்டிய இஎன்-இஎல்4ஏ பேட்டரியை, 2012இல் அடுத்த மாடலான டி4 வந்தபோதே நிகான் கைவிட்டு வேறு வகைக்கு மாறிவிட்டது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை பழையவை அல்லது போலிகள். இரண்டாவது, அரங்கின் விளக்கு. நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/500 வினாடியில் வைத்துத் தொடர்ந்து அழுத்தினால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கி மஞ்சளாகவும் வரும். 1/100க்கு இறக்கினால் கையுறை கோடாக இழுபடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணித்து ஷட்டரைத் திறக்கும் வசதி டி3எஸ்ஸிலும் இல்லை, டி750இலும் இல்லை. 2016இல் வந்த டி500இல் இருக்கிறது. காசு சேர்த்து அதைப் பாருங்கள்.

ராயபுரம் ரசிகன்
டி500இன் சென்சார் சிறியது, விலையும் கூடுதல் என்பதை ஏன் சொல்லவில்லை, அண்ணா? தம்பி கேட்டது கையில் இருக்கும் பணத்துக்கு. வினாடிக்கு 9 படம் எடுக்கிற கருவியில் மூன்று மங்கலாகப் போனாலும் ஆறு மிஞ்சும். ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தகவல் குறையாமல், எடுத்தால் நிறத்தையும் பெருமளவு சரிசெய்துவிடலாம்.

மண்ணடி ரிப்பேர்
குத்து தாடையில் இறங்கும் கணம் அந்த மூன்றில் ஒன்றாக இருந்தால், மிச்ச ஆறை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தண்டையார்பேட்டை ஸ்டூடியோ
வீடியோவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டி3எஸ்ஸில் 720பிக்கு மேல் கிடையாது. டி750 முழு எச்டியில் வினாடிக்கு 60 ஃபிரேம் வரை எடுக்கும், 24.3 மெகாபிக்சல், சாதாரண எஸ்டி கார்டு போதும். டி3எஸ் பேட்டரி இல்லாமலே 1,240 கிராம். கல்யாண வேலையும் ஒப்புக்கொள்வதாக இருந்தால் டி750தான், இதில் விவாதத்துக்கே இடமில்லை.

வியாசர்பாடி வெளிச்சம்
நான் கல்யாணம் எடுப்பதில்லை, வீடியோவும் எடுப்பதில்லை. டி750 வினாடிக்கு 6.5 படம்தான் என்பதால் மனம் டி3எஸ் பக்கமே சாய்கிறது. மண்ணடி அண்ணன் சொன்ன இரண்டு கவலைகளையும் எப்படிச் சோதிப்பது?

மண்ணடி ரிப்பேர்
வாங்குவது என்றே முடிவானால் இதைச் செய்யுங்கள். மெனுவில் பேட்டரி தகவலைத் திறந்தால் அதன் வயதை 0 முதல் 4 வரை காட்டும். இரண்டும் 0 அல்லது 1 என்றால் சரி. ஒன்று 3ஐத் தொட்டிருந்தாலும் ஒரு பேட்டரிக்குத்தான் பணம் என்று பேசுங்கள். ஷட்டர் எண்ணிக்கையை அவர் வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காமல், நீங்களே ஒரு படம் எடுத்து அந்தக் கோப்புக்குள் கேமரா பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில் பாருங்கள். கார்டு செருகும் இரண்டு இடங்களிலும் டார்ச் அடித்து, உள்ளே ஊசி எதுவும் வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு பாடியைக் கவிழ்த்து அடித்தட்டின் ஸ்குரூக்களைப் பாருங்கள். தலை கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஓரத்தில் வெண்பொடியோ பச்சையோ பூத்திருந்தால் அந்தக் கேமரா காசிமேட்டு உப்புக்காற்றில் பல விடியல்களைப் பார்த்திருக்கிறது, வெளியே இவ்வளவு என்றால் உள்ளே இருக்கும் மின்தொடர்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விளக்குச் சோதனையை அவர் வீட்டு வரவேற்பறையில் செய்து பயனில்லை. பயிற்சிக் கூடத்துக்கே அவரை அழைத்துப்போய், 1/500இல் நாலைந்து சுற்று அடித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்.

ராயபுரம் ரசிகன்
விலையைப் பற்றி அண்ணன் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த 80-200 லென்ஸ் அவரிடமே இருக்கிறதா என்றும் கேளுங்கள், தம்பி. பத்திரிகைக்காரர் என்றால் பெரும்பாலும் இருக்கும்.