சாம்பல் நிறப் படத்தில் என்ன பூ?

பழைய வீட்டுப் படங்களைப் பார்த்து வாட்டர்கலர் வரைபவர்கள் பெரும்பாலும் முகம் அமையவில்லை என்றுதான் கவலைப்படுகிறார்கள். எனக்கு முகத்தைவிடப் பூதான் அதிக வேலை வைத்தது.

எங்கள் சின்ன அத்தைக்குப் பூ ஜடை தைத்து ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் ஜடையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுப்பார்களே, அது. மொட்டுகள் மல்லிகை, சந்தேகமில்லை. நடுநடுவே வரியாகச் சாம்பல் நிறத்தில் இன்னொரு பூ. கனகாம்பரமா, டிசம்பர் பூவா? ஆரஞ்சா, ஊதாவா? அது தெரியாமல் தட்டில் வண்ணமே பிழிய முடியாது.

சின்ன அத்தையிடமே கேட்டேன். "டிசம்பர் பூ" என்றார். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரிய அத்தை விடவில்லை. "உனக்கு ஜடை தைச்சது சித்திரை மாசம். சித்திரையில ஏதுடி டிசம்பர் பூ?"

அப்புறம் படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிசம்பர் பூவுக்கு இதழ்கள் சுற்றிலும் விரியும். கனகாம்பரத்துக்கு ஒரே பக்கமாக, விசிறி போல. ஜடையின் ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு பூ பெரிய அத்தைக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

தாவணி அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சின்னவர் பச்சை என்கிறார், பெரியவர் அரக்கு என்கிறார். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக விழக்கூடியவை. "அது முதல்ல என் தாவணி, எனக்குத் தெரியாதா?" என்றார் பெரிய அத்தை. சரி, அரக்கே போட்டேன்.

பூவை மட்டும் படத்தைப் பார்த்து வரையக்கூடாது என்பது என் கட்சி. கடையில் மல்லிகை, கனகாம்பரம் இரண்டிலும் ஒரு முழம் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். மல்லிகையைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும், இருட்டினால் மொட்டு அவிழ்ந்துவிடும். கனகாம்பரம் மறுநாள் வரை காத்திருக்கும். மல்லிகைக்கு வெள்ளை வண்ணம் தொடவே வேண்டாம். தாளின் வெள்ளையை விட்டுவிட்டு, சுற்றிலும் கூந்தலின் கருமையைப் போட்டால் மொட்டு தானாக எழும்பும். வண்ணம் ஏறாமல் தடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் பூசியும் அந்த இடத்தைக் காப்பாற்றலாம், ஆனால் விளிம்பு வெட்டியெடுத்தது மாதிரி நிற்பதால் எனக்குப் பிடிக்காது. கூந்தலுக்கு டியூபிலிருந்து நேராகக் கறுப்பு எடுக்காதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கெட்டியாகக் கலந்து பாருங்கள். காய்ந்ததும் வெளுக்கும் என்பதால் ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன். மெல்லிய தாள் இத்தனை தண்ணீருக்கு நெளிந்துவிடும்.

பதில்:

என் அனுபவம் கொள்ளுப்பாட்டி படத்தோடு. நெற்றியில் குங்குமம் கரிப்பொட்டாகத் தெரிந்தது, சேலையும் அதே கறுப்பு. அந்தக் காலத்தில் ஊரில் யார் கறுப்புச் சேலை கட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள்? காரணம் பிலிம். ஆர்த்தோகுரோமாட்டிக் வகைக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது, சிவப்பெல்லாம் கறுப்பாகிவிடும். நீலம் வெளிறிப்போகும். 1930களுக்கு முந்தைய படம் கையில் இருந்தால் முதலில் பொட்டைப் பாருங்கள். பொட்டும் சேலையும் ஒரே கருமை என்றால் நான் சிவப்புச் சேலை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பதில்:

எங்கள் தாத்தா படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. பிரித்தெடுத்து வரையலாமா?

பதில்:

பூ ஜடைக்காரன்தான் மறுபடியும். தயவுசெய்து பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டுக் கண்ணாடியில் ஒட்டியதை இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். திண்ணை நிழலில் வைத்து, ஃப்ளாஷ் போடாமல், கண்ணாடிக்கு மேலேயே போனில் எடுத்து அதைப் பார்த்து வரையுங்கள். தாத்தாவுக்கு மாலை போட்டு வரைவதாக இருந்தால் ரோஜாவுக்கு ஓபரா ரோஸ் எடுக்கவேண்டாம். பார்க்கப் பளீரென்று இருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.