பாட்டிகள் எல்லாரும் 'நல்லா இருக்கு' என்றே சொல்கிறார்கள், இந்த ஆய்வை வைத்து என்ன எழுதுவது?

ஈசூன் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். மனிதர்கள் கணினியோடும் ஏஐயோடும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அதற்காக, பலதுறை மருந்தகத்து (பாலிகிளினிக்) அப்பாயின்மெண்டைத் தமிழில் பேசியே மாற்றிக்கொள்ளும் ஒரு மாதிரிச் செயலி செய்திருக்கிறேன். (உண்மையான அப்பாயின்மெண்ட் எதுவும் மாறாது, எல்லாம் பொம்மைத் தேதிகள், பயப்பட வேண்டாம்.) எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மூத்தோர் நிலையத்தில் பதினொரு பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னேன். பத்துப் பேர் ஐந்து. ஒரு தாத்தா மட்டும் நாலு போட்டார், அதையும் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி 'எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு தம்பி' என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். ஆனால் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு பாட்டி வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று மூன்று தடவை சொல்கிறார், அது புதன்கிழமை என்றே பதிகிறது. நான்காவது தடவை பாட்டி 'சரி விடு, புதன்கிழமையே போய்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்து 'நன்றிம்மா' என்கிறார். அவரும் ஐந்துதான் போட்டார்! என் மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. எண்களைப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே வந்திருக்கிறது என்கிறார். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் சரியாகுமா?

கோப்பி ஓ கோசோங்

நூறு பேரைச் சேர்த்தாலும் ஐந்துதான் வரும் தம்பி. இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன், நானும் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான். ஒன்று கேட்கிறேன், 'இது நான் செய்தது' என்று அவர்களிடம் சொன்னீர்களா? கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். பக்கத்து புளோக் பையன், படிக்கிற பிள்ளை, பரீட்சைக்காகக் கேட்கிறான், அவனுக்கு எந்தப் பாட்டி இரண்டு மதிப்பெண் போடுவார்? நம் ஊரில் இதற்கு முகதாட்சண்யம் என்று பெயர்.

இதையே அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா டெல் என்பவரும் உடன் சிலரும் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தி 2012இல் வெளியிட்டார்கள். இரண்டு பொருள்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்பது, அவ்வளவுதான். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தபோதுகூட, கேள்வி கேட்பவர் செய்தது என்று நினைத்த பொருளைத்தான் ஏறக்குறைய 2.5 மடங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் அது 5 மடங்கு. வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒன்றைக் காட்டியபோதும் 'உங்களுடையதுதான் நல்லா இருக்கு' என்ற பதிலே வந்தது.

கணினிக்கே முகதாட்சண்யம் பார்ப்பதும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபர்ட் நாஸ் 1990களில் செய்த சோதனையில் கணினி பாடம் நடத்தும், அப்புறம் அது எப்படி நடத்தியது என்று கேட்பார்கள். அதே கணினி கேட்டால் பாராட்டு கூடுதலாக வரும், வேறு கணினியோ காகிதமோ கேட்டால் குறையும். ஆனால் கேட்டுப் பார்த்தால், கணினிக்குப் போய் யாராவது மரியாதை பார்ப்பார்களா என்பார்கள். உங்கள் பாட்டி உங்களுக்கும் பார்க்கிறார், உங்கள் போனுக்கும் பார்க்கிறார், பிறகு ஐந்து வராமல் என்ன செய்யும்?

மதிப்பெண் தாளைத் தூக்கிப் போடுங்கள். ஒரு சீட்டில் தேதியை எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள், முடிந்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டு 'எந்தத் தேதிக்கு மாறியிருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். இன்னொன்று, ஒவ்வொருவராக உட்கார வைக்காதீர்கள். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லூசி சக்மன் 1980களில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் இரண்டிரண்டு பேராக விட்டுத்தான் படம் பிடித்தார். ஆய்வாளரிடம் சொல்லாததை எல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் தானாகச் சொல்லிவிடுவார்கள். தோழிகளாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

தேக்கா மல்லிகை

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை, அம்மாவோடு இந்த மாதிரிச் செயலிகளில் மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் செயலி எந்தத் தமிழில் பேசுகிறது? 'தங்களது முன்பதிவு வெற்றிகரமாக மாற்றியமைக்கப்பட்டது' என்கிற ரகமா? அப்படியென்றால் அது வானொலிச் செய்தி, அதோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். எங்கள் அம்மா வீட்டில் 'தேர்ஸ்டே அப்பாயின்மெண்ட்' என்றுதான் சொல்வார். போன் செந்தமிழில் பேசியதும் இவரும் நிமிர்ந்து உட்கார்ந்து 'வியாழக்கிழமை' என்பார், அதுவும் பல்செட்டோடு அந்த 'ழ' பாதி 'ள'வாகத்தான் வரும். பழகாத தமிழை வலிந்து பேசித் தடுமாறி, கடைசியில் 'எனக்குத்தான் சரியாப் பேசத் தெரியல' என்று தன்னையே நொந்துகொள்வார். உங்கள் வீடியோவில் பாட்டி முதல் தடவை எப்படிச் சொன்னார், மூன்றாவது தடவை எப்படிச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள் தம்பி.

குறுக்குக் கேள்வி

மேலே எல்லாரும் இதை நம் ஊர்ப் பாட்டிகளின் குணம் மாதிரிப் பேசுகிறீர்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எம்ஐடியில் ஜோசஃப் வைசன்பாம் 1966இல் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். அவர் அதைச் செய்துகொண்டிருந்ததை மாதக்கணக்கில் பார்த்த அவருடைய செயலாளரே அதோடு கொஞ்சம் பேசியதும், 'நீங்கள் கொஞ்சம் அறைக்கு வெளியே இருக்கிறீர்களா' என்று அவரைக் கேட்டாராம். அது வெறும் நிரல் என்று அந்தம்மாவுக்குத் தெரியாதா என்ன?

ஐந்து மதிப்பெண்ணைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மூன்று தடவை தப்பாகக் கேட்ட இயந்திரத்துக்கு ஐந்து விழுந்திருக்கிறது, அதுதானே உங்கள் ஆய்வு! எண்ணையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், தமிழ்ப் பேச்சை ஆங்கிலத்தில் எழுதி மேற்பார்வையாளருக்குக் கொடுங்கள். பாட்டி ஏன் விட்டுக்கொடுத்தார் என்று பாட்டியிடமே கேட்டீர்களா? அப்புறம், யார் செய்தது என்று மறைப்பதோ ஜோடியாக உட்கார வைப்பதோ ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதித்ததில் இல்லையென்றால் மறுபடி அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

ஈசூன் தம்பி

தாமதத்துக்கு மன்னிக்கவும், குழுவின் அனுமதிக்குத்தான் காத்திருந்தேன்.

மல்லிகை அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது. பாட்டி முதல் தடவை 'தேர்ஸ்டே' என்றுதான் சொல்லியிருக்கிறார், நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 'அது பாவம், திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கு, எனக்கே சங்கடமாப் போச்சு' என்றார்.

நேற்று அவரையும் அவர் தோழியையும் சேர்த்து உட்கார வைத்தேன், தோழிக்கு இது யார் செய்தது என்று சொல்லவில்லை. மறுபடியும் புதன்கிழமை. தோழி போனைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு 'இதுக்குக் காது மந்தம்டி, கீழே வை. நாளைக்கு கவுண்டர்ல ஆளுகிட்டயே சொல்லிக்கலாம்' என்றார். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தோழியின் தொடையில் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினார். அதுவும் வீடியோவில் இருக்கிறது.