தண்டல் நோட்டு என் கைக்கு வந்தபோது

அஸ்ஸலாமு அலைக்கும். வட்டிக்கு விட்டுக் கணவர் கொண்டுவரும் சோறு நமக்கு ஆகுமா என்று இங்கே ஒரு சகோதரி கேட்டிருந்தார். அதே கேள்வியோடுதான் நானும் குடும்பம் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் தண்டலுக்கு, அதாவது தினவசூல் வட்டிக்கு, விடுகிறார். பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 கொடுப்பார். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாளைக்கு. மழையில் கடை போட முடியாவிட்டாலும் அந்த நூறு வந்தாக வேண்டும். "இதுவும் வியாபாரம்தான்" என்பார். வியாபாரமும் வட்டியைப் போலத்தானே என்று வட்டி வாங்கியவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். வியாபாரத்தை ஹலாலாக்கி (ஆகுமாக்கி) வட்டியை ஹராமாக்கினான் (தடுத்துவிட்டான்) அல்லாஹ் என்று அவர்களுக்குத்தான் குர்ஆனில் சூரா பகராவின் 275ஆம் வசனம் பதில் சொல்கிறது.

கணக்கு எழுதிய பையன் வேலையை விட்டு நின்றதும் நோட்டை என்னிடம் நீட்டினார். "நீ பிளஸ் டூ படிச்சவதானே, ராத்திரி வரவு போட்டுடு." பக்கத்துக்கு ஒரு பெயர், கீழே நூறு கட்டம். எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மாவின் பக்கத்தில் பல கட்டங்கள் காலி. அவர் மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது.

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், இரண்டு சாட்சிகள் எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் அனைவரும் சமம் என்றார்கள். முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது.

"அப்போ இந்தக் காசுல வாங்கின அரிசியை மட்டும் தின்னலாமா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சில நாள் சோறே இறங்கவில்லை.

பெண்கள் மதரசாவில் மார்க்கம் சொல்லித்தரும் ஆலிமா மூலமாக ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டேன். மனைவி மக்களுக்குச் செலவு செய்வது கணவன் கடமை; வேறு வழியில்லாதவள் தேவைக்கு எடுத்துக்கொண்டால் பாவம் சம்பாதித்தவர் மேல்தான் என்றார். ஆனால் திருடிய பொருள் என்று தெரிந்தால் சட்டம் வேறு, அது உரியவருக்குத்தான் போக வேண்டும். கணக்கு எழுதுவது கூடவே கூடாது. தேவைக்கு மேல் வாங்காதே, பக்குவமாகச் சொல்லிக்கொண்டே இரு என்றார்.

அதன்பிறகு அவர் வாங்கி வந்த வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமிக்கு (அவர் அம்மாவுக்கு) அதில் மனவருத்தம்தான். பழைய தையல் மிஷினைச் சரிபண்ணி ஜாக்கெட் தைக்கிறேன். ரமலானில் சஹர் என்ற விடிகாலைச் சாப்பாட்டுக்கும் நோன்பு திறக்கவும் அந்தக் காசில்தான் வாங்கினேன். இது ஹஜ்ரத் சொன்ன சட்டம் இல்லை, என் மன நிம்மதிக்காக.

போன மாதம் அவர் கொஞ்சம் இறங்கிவந்த நேரம் பார்த்து அதே சூராவின் 279ஆம் வசனத்தைப் படித்துக் காட்டினேன். தவ்பா செய்தால் (பாவத்தை விட்டுத் திருந்தினால்) உங்கள் அசல் உங்களுக்கு உண்டு என்கிறது அது. "8,500 தானே கொடுத்தீங்க மச்சான், அது வந்ததும் நிறுத்திடுங்க" என்றேன். பூக்காரம்மா கணக்கை மட்டும் அப்படியே அடித்துவிட்டார். மற்ற பக்கங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. போட்ட முதல் பணத்தில் பாதி கூட்டாளியுடையது, கூட்டாளி ஒப்புக்கொள்ள மாட்டார் என்கிறார்.

கூட்டுத் தண்டலிலிருந்து கணவர் வெளியே வந்த சகோதரிகள் யாராவது இருந்தால், பாக்கிக் கணக்கை எப்படி முடித்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.