ஃபிராங்க்பர்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்: யாராவது போயிருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. புராஜெக்ட் வேலையாக மூன்று மாதம் ஃபிராங்க்பர்ட் வந்தேன். இன்னும் இரண்டே வார இறுதிகள்தான் மிச்சம். ஞாயிறு இங்கே கடைகள் மூடிக் கிடக்கும், அறையில் தயிர்சாதம் சாப்பிட்டு உட்கார்ந்தது போதும்.

போன மாதம் கொலோன் தேவாலயக் கோபுரத்தில் 533 படி ஏறி இறங்கிய களைப்பில், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஏறிவிட்டேன். என்னிடம் இருந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் (உள்ளூர், சாதாரண ரயில்களுக்கான மாதப் பாஸ்) அதில் செல்லாது என்று பரிசோதகர் சொன்ன பிறகுதான் உறைத்தது. அபராதம் 60 யூரோ! மனசு உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்தது.

இந்த முறை பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க். சாதாரண ரயிலில் ஜெர்மனி எல்லையில் இருக்கும் கேல் ஊர் வரை போய், அங்கிருந்து ரைன் ஆற்றைத் தாண்டும் டிராமைப் பிடிக்கலாம் என்று யோசனை. அந்த டிராமுக்கு டிக்கெட் எங்கே எடுப்பது? காலையில் கிளம்பினால் இரவே திரும்ப முடியுமா? திங்கள் 9 மணிக்கு கிளையண்ட் மீட்டிங் வேறு இருக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.